ராமலிங்க விலாசம் முதல் பேய்க்கரும்பு வரை: ஓவியம் பார்க்க ஒரு கடற்கரைப் பயணம்

முதல் நாள்: அரண்மனை, கீழ்த்தளம்

நவீன ஓவியம் பார்க்க வேண்டும் என்றால் ராமநாதபுரத்துக்காரர்கள் இரவு ரயில் ஏறிச் சென்னைக்குப் போவதுதான் வழக்கம். எழும்பூர் அருங்காட்சியகம், கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமி, ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமம் என்று ஒரு சுற்று. அது அவசியமான சுற்றுதான். ஆனால் அதற்கு முன்னால் ஊருக்குள்ளேயே ஒரு சுவரைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். தன் காலத்து அரசனையும், தன் காலத்துப் போரையும், கடல் வழியே வந்திறங்கிய வெள்ளைக்காரர்களையும் அந்தக் காலத்திலேயே வரைந்து வைத்த சுவர் அது. வரையப்பட்ட அன்று அது சமகாலக் கலை. முந்நூறு ஆண்டு கழித்து நாம் அதைப் 'பழைய ஓவியம்' என்று சொல்லி வேகமாகக் கடந்துவிடுகிறோம்.

இடம் ராமநாதபுரம் அரண்மனை வளாகத்திலுள்ள ராமலிங்க விலாசம். பேருந்து நிலையத்திலிருந்தோ ரயில் நிலையத்திலிருந்தோ 'அரண்மனை' என்று சொன்னாலே ஆட்டோக்காரர் கொண்டுவந்து இறக்கிவிடுவார். இந்தச் சீமையை ஆண்ட கிழவன் சேதுபதி தலைநகரைப் போகலூரிலிருந்து ராமநாதபுரத்துக்கு மாற்றிய பிறகு, 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த கட்டடம். கீழக்கரை வள்ளல் சீதக்காதி இதன் கட்டுமானத்துக்கு உதவினார் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படுவது. ஓவியங்கள் அடுத்த தலைமுறையைச் சேர்ந்தவை. 18ஆம் நூற்றாண்டின் முதல் கால் பகுதியில் ஆண்ட முத்து விஜய ரகுநாத சேதுபதியின் காலம். இப்போது மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் அகழ்வைப்பகமாக இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் மூடியிருக்கும். அது எந்த நாள் என்பதைக் கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வெளியூரிலிருந்து வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் நிறையப் பேர்.

உள்ளே நுழைந்ததும் தூண்கள் நிறைந்த மகாமண்டபம், அதைத் தாண்டி உள் மண்டபம், பிறகு மேல்தளத்துக்குப் படி. நுழைந்த உடனே ஓவியம் பார்க்க ஆரம்பிக்காதீர்கள். வெளியே அடிக்கும் வெயிலுக்குச் சுருங்கிய கண்மணி விரிவதற்கே நேரம் எடுக்கும். நல்ல இருட்டுக்குக் கண் ஓரளவு பழகப் பத்து நிமிடம், முழுதாகப் பழக அரை மணி நேரம் ஆகும். முதல் பத்து நிமிடத்தில் சுவர் முழுக்கச் செம்பழுப்பாகத்தான் தெரியும். 'எல்லாம் அழிஞ்சு போச்சு' என்று பெரும்பாலானோர் முடிவுகட்டித் திரும்பிப் போவதும் அந்தப் பத்து நிமிடத்தில்தான். தூணோரம் உட்கார்ந்து, கைப்பேசித் திரையைப் பார்க்காமல், கட்டடத்தின் அமைப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். மெல்ல மெல்லப் பச்சை எழும்பி வரும், அதன்பின் வெள்ளை, அப்புறம் முகங்கள்.

கொண்டுபோக வேண்டியவை மிகக் குறைவு. முதலாவது பைனாகுலர். எட்டு மடங்கு பெருக்கினால் போதும், ஆனால் இரண்டு மீட்டர் தூரத்திலேயே குவிய வேண்டும். பறவை பார்க்க வாங்கிய மலிவான பைனாகுலர்கள் நான்கைந்து மீட்டருக்கு அப்பால்தான் குவியும். மண்டபத்துக்குள் அவை உதவாது. இரண்டாவது உள்ளங்கை அகலக் கண்ணாடி. கூரையிலும் ஓவியம் இருக்கிறது. தலையை அண்ணாந்து ஐந்து நிமிடம் நின்றால் கழுத்து பிடித்துக்கொள்ளும், தலையும் சுற்றும். கண்ணாடியை மார்பளவில் மல்லாத்திப் பிடித்துக் குனிந்து பார்த்தால் எவ்வளவு நேரமும் பார்க்கலாம். எழுத்துகள் மட்டும் இடவலம் மாறித் தெரியும், அவற்றைப் படிக்க அண்ணாந்துதான் ஆக வேண்டும். மூன்றாவது பென்சிலும் சிறிய நோட்டும். பேனா வேண்டாம். ஒரு சொட்டு மை சுவரில் தெறித்தால் அதை எடுக்க வழியே இல்லை. கேமராவுக்கு அனுமதி உண்டா என்று வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி இருந்தாலும் ஃபிளாஷ் கூடாது.

சுவரைப் படிக்கும் முறை இது. ஓவியங்கள் கிடைமட்டப் பட்டைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் ஒரு மரமோ தூணோ நிற்கும், சில இடங்களில் ஒருவர் முகத்தைத் திருப்பியிருப்பார். அதுதான் நிறுத்தற்குறி. ஒரே ஆள் ஒரே பட்டையில் மூன்று முறை வந்தால் மூன்று பேர் என்று எண்ணக் கூடாது. கதை மூன்று படி நகர்ந்திருக்கிறது என்று பொருள். ராமாயணத்தின் பால காண்டமும் கிருஷ்ணன் கதையும் நமக்குத் தெரிந்த கதைகள் என்பதால் இந்த முறையை அவற்றில் பழகிக்கொள்வது சுலபம். பழகியபின் அரசனின் காட்சிகளுக்கு வாருங்கள்.

அங்கேதான் இந்தச் சுவரின் அருமை இருக்கிறது. ராஜராஜேஸ்வரி அம்மன் சேதுபதிக்குச் செங்கோல் தரும் காட்சி. மதுரை நாயக்கர் விஜயரங்க சொக்கநாதர் சேதுபதியை மணிகளால் அபிஷேகம் செய்யும் காட்சி. தஞ்சை மராத்தியப் படையோடு நடந்த போர். தொப்பியும் நீள அங்கியும் அணிந்த ஐரோப்பியர்கள் அரசனைச் சந்திக்கும் காட்சி. இவற்றில் எதுவும் புராணம் இல்லை. அரசியல் அறிவிப்புகள் இவை. தெய்வம் தந்த அதிகாரம், மேலே இருந்த மதுரையின் ஒப்புதல், எதிரியை எதிர்கொண்ட வலிமை, கடல்வழி வணிகர் வந்து நிற்கும் பெருமை என்று நான்கையும் ஒரே கட்டடத்தில் வைத்திருக்கிறார்கள். அரசரைக் காண வந்தவர் இந்த ஓவியங்களினூடே நடந்துதான் அவர் முன் போயிருப்பார். எதை எங்கே வரைந்தால் யார் கண்ணில் படும் என்று கணக்குப் போட்டு வைக்கப்பட்ட ஓவியம் இது.

காட்சிகளுக்குக் கீழே தமிழிலும் தெலுங்கிலும் விளக்கம் எழுதியிருக்கிறது. நவீன ஓவியம் பழகியவர்கள் இந்த எழுத்து வரிகளை அவசியம் கவனிக்க வேண்டும். சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1963 வாக்கில் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைத் தொடங்கி, ஜாதகக் கட்டம் மாதிரியும் எழுத்து மாதிரியும் தெரியும் கோடுகளை ஓவியத் துணி முழுக்கப் பரப்பினார். படத்துக்குள் எழுத்து வரலாமா என்று அப்போது பலர் புருவம் உயர்த்தினார்கள். இங்கே அதற்கு இருநூற்று நாற்பது ஆண்டு முன்பே எழுத்தும் உருவமும் ஒரே சுவரில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. பணிக்கர் இந்தச் சுவரைப் பார்த்து வரைந்தார் என்று சொல்ல வரவில்லை. அவருடைய துணியைப் பார்க்கும்போது கண் தடுமாறாமலிருக்க இந்தச் சுவர் நல்ல பயிற்சி என்பதுதான் செய்தி. அவர் 1966இல் தோழர்களோடும் மாணவர்களோடும் தொடங்கிய சோழமண்டலத்துக்குப் போகும்போது இது நினைவிருக்கட்டும்.

இரண்டாம் நாள்: அதே சுவர், இன்னும் பக்கத்தில்

ஒரே நாளில் முடிக்கக்கூடிய இடமில்லை இது. இரண்டாம் நாளில் கதையை விட்டுவிட்டுக் கைவேலையைப் பார்க்கலாம்.

ஓவியம் நன்றாக இருக்கும் இடத்தைத் தேடாமல், பாதி உதிர்ந்த இடமாகப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பைனாகுலரில் நோக்கினால் அடுக்குகள் தனித்தனியே தெரியும். அடியில் செங்கல். அதன்மேல் மணல் கலந்த பருக்கன் காரை. அதற்கும் மேலே இழைத்து வழவழப்பாக்கிய மெல்லிய வெள்ளைப் பூச்சு. அந்த வெள்ளையின் மீது காவிக் கோட்டில் முதல் வரைவு. பிறகு வண்ண நிரப்பல். கடைசியாகக் கருங்கோடு. இந்தக் கடைசிக் கோடுதான் முதலில் உதிர்கிறது. அதனால் சில முகங்களில் கண்ணும் புருவமும் காணாமல் போய் வண்ணத் திட்டு மட்டும் மிஞ்சியிருக்கும். வண்ணமும் போன இடத்தில் அடியிலுள்ள காவி வரைவு வெளியே தெரியும். அதை விடாதீர்கள். முதல் வரைவில் கை எப்படி ஓடியது, எங்கே திருத்தியது, முழங்கையை எங்கே நகர்த்தியது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. முடிந்த ஓவியத்தில் ஓவியர் ஒளிந்துகொள்வார், வரைவில் அகப்பட்டுவிடுவார்.

தமிழ்நாட்டில் நாயக்கர் காலத்துச் சுவரோவிய வழக்கம் பெரும்பாலும் காய்ந்த சுண்ணாம்புப் பரப்பில் பிசின் கலந்த வண்ணம் தீட்டுவது. ஈரக் காரையில் தீட்டினால் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கல்லாக இறுகும்போது வண்ணத்தையும் உள்ளே பிடித்துக்கொள்ளும். காய்ந்த பரப்பில் வண்ணத்தைப் பிடித்து வைப்பது பிசின் மட்டும்தான். பொறுமையாக, நுணுக்கமாக வரைய இந்த முறை வசதி. ஆனால் தண்ணீர் பட்டால் பிசின் இளகும். ஈரத்துணியால் தூசி துடைத்தால் ஓவியமே துணியோடு வந்துவிடும் என்பதன் காரணம் இதுதான். ஊரில் பழைய கோயில் சுவர்களைத் திருவிழாவுக்கு முன் தண்ணீர் அடித்துக் கழுவும் இடங்களில் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

அடுத்தது உப்பு. கடற்கரையில் வீடு கட்டியவர்களுக்கு 'சுவர் உப்பு பூத்திருக்கு' என்பது அன்றாடப் பேச்சு. அதன் இயக்கம் தெரிந்தால்தான் இந்த ஓவியங்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்பது புரியும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கறியுப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தானே கரையும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். ராமநாதபுரம் கரையில் இரவிலும் விடியலிலும் ஈரப்பதம் அந்தக் கோட்டுக்கு மேலே போய்விடும், உச்சி வெயிலில் கீழே வந்துவிடும். ஆக ஒவ்வொரு நாளும் உப்பு ஒருமுறை கரைந்து ஒருமுறை இறுகுகிறது. சுவருக்கு வெளியே வந்து இறுகினால் வெள்ளைப் பொடியாகத் தெரியும், அதை உலர்ந்த மென்தூரிகையால் எடுத்துவிடலாம், தொல்லை குறைவு. வண்ணத்துக்கு அடியிலேயே இறுகினால்தான் ஆபத்து. படிகம் பெருகும்போது மேலேயுள்ள படலத்தை உந்தித் தள்ளும். அப்பளம் பொரிவது போல வண்ணம் கொப்புளித்து, பின்பு உடைந்து விழும். சுவரில் கடுகளவு வட்டக் குழிகள் கூட்டமாகத் தெரிந்தால் அது பூச்சி அரித்ததாக இருக்காது, பெரும்பாலும் உப்பு வெடித்ததுதான்.

சிமெண்டு வைத்து ஒட்டுப்போட்டால் இந்தத் தொல்லை இரட்டிப்பாகும். சுண்ணாம்புக் காரை மூச்சுவிடும். உள்ளே ஏறிய ஈரம் அதன் வழியாக வெளியேறும். சிமெண்டு அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் பக்கத்திலுள்ள பழைய காரை வழியாகத்தான் வெளியேற முடியும், போகிற வழியில் உப்பையும் கொண்டுபோய் ஓவியத்துக்கு அடியில் சேர்க்கும். சிமெண்டிலும் கரையும் உப்புகள் உண்டு. எந்தப் பழைய கட்டடத்திலும் சிமெண்டு ஒட்டைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பழைய காரை பொரிந்திருப்பதைப் பார்க்கலாம். இது நம்மூர்க் கோயில் திருப்பணிகளுக்கும் பொருந்தும். சுண்ணாம்பை ஊறவைத்து, புளிக்கவைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த காரைதான் அந்தச் சுவருக்கு ஒத்துப்போகும். வேலை முடிய மாதங்கள் கூடுதலாகும். அதற்கு மாற்று கிடையாது.

பார்வையாளரால் நடக்கும் கேடும் சின்னதல்ல. ஓய்வாக நிற்கும் ஒரு ஆள் மூச்சிலும் வியர்வையிலுமாக மணிக்குச் சுமார் 50 கிராம் நீரைக் காற்றில் சேர்க்கிறார். நாற்பது மாணவர்களை ஒரே மண்டபத்தில் ஒரு மணி நேரம் நிறுத்தினால் அது இரண்டு லிட்டர். பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வருபவர்கள் எட்டுப் பேர், பத்துப் பேராகப் பிரித்து உள்ளே அனுப்புங்கள். மற்றவர்கள் வெளி முற்றத்தில் கட்டடத்தை வரையட்டும். சுவரில் சாய்வது, தூணைக் கட்டிப்பிடித்துப் படமெடுப்பது, விரல் வைத்துக் காட்டுவது எதுவும் வேண்டாம். விரலின் எண்ணெயில் தூசி ஒட்டும், ஒட்டிய தூசி ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஆள் எட்டும் உயரம் வரை பேரும் இதயமும் கீறி வைத்திருக்கும் சுவர்கள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ. பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது.

மேல்தளம் அரசரின் தனி இடம். அங்குள்ள ஓவியங்களும் அதற்கேற்ப அந்தப்புரம், பாட்டு, கூத்து, சிருங்காரம் என்று மாறுகின்றன. கீழே ஊருக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்ன அதே கைகள் மேலே மெல்லிய துணியின் பூவேலையிலும் பெண்களின் கொண்டையிலும் காட்டும் பொறுமை வேறு மாதிரி. துணி வகைகளை மட்டும் ஒரு பக்கம் வரைந்துகொள்ளுங்கள். கட்டம், கோடு, புள்ளி, கொடி என்று அந்தப் பக்கம் நிறைய வரும்.

ஓவியத்தைத் தாண்டி ஒரு கோடு பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். ராமநாதபுரத்துக்குக் கிழக்கே வைகை கடலில் சேரும் இடத்துக்கு அருகிலுள்ள அழகன்குளத்தில் நடந்த அகழாய்வில் கப்பல் உருவம் கீறிய பானை ஓடு கிடைத்தது. பாய்மரமும் கயிறும் தெரியும் சில கீறல்கள்தான், ஆனால் கப்பலைக் கண்ணால் பார்த்துப் பழகியவர் கை. இந்தக் கரையின் சமகாலக் கலை அங்கிருந்தே தொடங்குகிறது என்று சொன்னால் மிகையாகாது.

மூன்றாம் நாள்: கீழக்கரை

ராமநாதபுரத்திலிருந்து தெற்கே சுமார் 17 கிலோமீட்டர். வழியில் திருப்புல்லாணி வருகிறது, ஆதி ஜெகந்நாதர் கோயிலைப் பார்க்க விரும்புகிறவர்கள் காலையிலேயே இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம். நடை சாத்தும் நேரம் கருதி பதினொரு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது.

கீழக்கரையில் பார்க்க வேண்டியது பழைய ஜும்மா பள்ளிவாசல். 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, சீதக்காதி பெயரோடு இணைத்துப் பேசப்படுவது, அவருடைய அடக்கத்தலமும் இங்கேதான். தூரத்திலிருந்து பார்த்தால் கல் மண்டபம், கிட்டே போனால் தமிழ்நாட்டுக் கல்தச்சரின் தூணும், அதன் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகையும். கோயில் தூணில் யாளியோ தெய்வமோ வரும் இடத்தில் இங்கே உருவம் எதுவும் இல்லை. பூவும் கொடியும் வடிவக் கணிதமும்தான். அதே உளி, அதே கல், அதே கணக்கு. உருவத்தை மட்டும் எடுத்துவிட்டு அலங்காரத்தை எப்படித் தனித்து நிற்க வைப்பது என்ற கேள்விக்கு அந்தத் தச்சர்கள் கண்ட விடை இது. அருவ ஓவியத்தின் முன்னால் நின்று 'இதில் என்ன இருக்கிறது' என்று கேட்பவர்களை முதலில் இங்கே அழைத்து வரலாம். ஒரு போதிகையின் வளைவு எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது, இரண்டு தூண்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடம் எந்த வடிவில் இருக்கிறது என்று பென்சிலில் வரையச் சொல்லுங்கள். தூணை வரையாமல் இடைவெளியை மட்டும் வரைவது நல்ல பயிற்சி. அரை மணி நேரத்தில் கண் மாறிவிடும்.

இது வழிபாட்டிடம், காட்சிக்கூடம் அல்ல. ஜமாஅத்தாரிடம் அனுமதி கேட்டுவிட்டு, தொழுகை நேரங்களை விட்டு, காலை பத்து மணி வாக்கில் போவது பொருத்தம். வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். கை, கால் மூடிய உடை, தலைக்குத் துணி. பெண்கள் எதுவரை போகலாம் என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டால் வாசலில் சங்கடம் இருக்காது. ஆட்களைப் படமெடுக்க வேண்டாம்.

நான்காம் நாள்: பாம்பன் தாண்டி பேய்க்கரும்பு

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு 55 கிலோமீட்டர். ரயிலில் போனால் 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலம் வழி. பஸ்ஸில் போனால் 1988இல் திறந்த சாலைப் பாலம், அங்கிருந்து புதிய ரயில் பாலத்தையும், இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தால் 1914இன் பழையதையும் சேர்த்துப் பார்க்கலாம். பழையதன் நடுக்கண் இரண்டாகப் பிளந்து சாய்ந்து எழுந்தது, புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு படுத்தவாக்கிலேயே செங்குத்தாக மேலே போகும். ஒரே தேவைக்கு நூறாண்டு இடைவெளியில் இரண்டு வடிவங்கள். இரும்புச் சிற்பம் பற்றிப் பேசுகிறவர்கள் இங்கே ஒருமுறை நிற்க வேண்டும். ஆனால் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள், மண்டபம் ஊர்ப் பக்கக் கரையிலிருந்தே நன்றாகத் தெரியும்.

தங்கச்சிமடம் தாண்டி, ராமேஸ்வரம் ஊருக்குள் நுழையும் முன் பேய்க்கரும்பு. அப்துல் கலாம் 2015 ஜூலை 30 அன்று அடக்கம் செய்யப்பட்ட இடம். 2017 ஜூலை 27 அன்று திறந்த நினைவகத்தைப் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம் கட்டியது. நான்கு கூடங்கள், சுமார் 900 ஓவியங்கள், 200 அரிய புகைப்படங்கள் என்பது திறந்தபோது அறிவித்த கணக்கு. உள்ளே படமெடுக்க அனுமதி இல்லை. மக்கள் பெரும்பாலும் ஏவுகணை மாதிரிகளையும் கலாமின் உருவச் சிலைகளையும் பார்த்துவிட்டுப் பதினைந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். இந்தக் கரையில் இத்தனை சமகால ஓவியங்களை ஒரே கூரைக்குக் கீழே வேறெங்கும் பார்க்க முடியாது. ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். விடுமுறை நாளின் நடுப்பகலில் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், நின்று பார்க்க விடமாட்டார்கள். வேலை நாளின் காலை திறந்த உடனே போவது சிறந்தது.

900 ஓவியங்களையும் பார்க்க முயலாதீர்கள். முதலில் எதிலும் நிற்காமல் நான்கு கூடத்தையும் ஒரு சுற்று. பிறகு ஐந்தை மட்டும் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம். முதலில் ஓவியத்தின் மூலைவிட்ட நீளத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி நின்று முழுதாக. பின்பு கை நீட்டினால் தொடும் தூரத்தில், தூரிகை ஓடிய திசையை. கடைசியாகப் பக்கவாட்டில் சாய்ந்து, வெளிச்சம் பரப்பில் வழுக்கும்போது வண்ணத்தின் தடிமனை.

முகங்களைப் பார்ப்பதற்கு ஒரு குறிப்பு. ஆளை எதிரே உட்காரவைத்து வரைந்த முகமா, புகைப்படத்தைப் பார்த்து வரைந்ததா என்பதைக் கண்டுபிடிக்கலாம். கண்மணியின் நடுவில் ஒற்றைப் பளிச்சென்ற புள்ளி, மூக்குக்கும் தாடைக்கும் பக்கத்தில் கத்தரித்த மாதிரி நிழல், காதுகள் முகத்தோடு ஒரே தளத்தில் தட்டையாக ஒட்டியிருப்பது ஆகியவை கேமராவின் அடையாளங்கள். நேரில் பார்த்து வரைந்த முகத்தில் நிழலின் ஓரம் மெல்லக் கரையும், காது பின்வாங்கும். புகைப்படத்தைப் பார்த்து வரைவது குறைவான வேலை என்று சொல்லக் கூடாது. அந்தப் புகைப்படத்திலிருந்து ஓவியர் எதை விட்டுவிட்டார், எதைச் சேர்த்தார் என்பதில்தான் மதிப்பு. ஒரே புகைப்படத்திலிருந்து பிறந்த இரண்டு முகங்கள் கண்ணில் பட்டால் அவற்றுக்கு முன் நில்லுங்கள், அந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் ஓவியக் கலை.

இப்போது ராமலிங்க விலாசத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே சேதுபதியை அடையாளம் காட்டுவது முகச்சாயல் இல்லை. உருவத்தின் அளவு, ஆபரணம், இருக்கை, கூட்டத்தில் அவர் இருக்கும் இடம், கீழே எழுதிய பெயர் ஆகியவைதான். இங்கே கலாமை அடையாளம் காட்டுவது முடியும் சிரிப்பும். இரண்டிலும் தன் காலத்தின் பெரிய மனிதரைத் தன் காலத்தவர் வரைந்திருக்கிறார்கள். பிள்ளைகளோடு வருபவர்கள் இரண்டு இடங்களிலும் ஒவ்வொரு முகம் வரையச் சொல்லிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 'முகச்சாயல் இல்லாவிட்டால் உருவப்படமா?' என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வந்துவிடும்.

கட்டடத்துக்கும் ஒரு பார்வை. ராஜஸ்தானத்து ஜெய்சால்மர் கல், ஆக்ரா கல். முகப்பு தில்லி இந்தியா கேட் சாயல், கூரை ராஷ்டிரபதி பவன் சாயல். ஒரு மனிதரின் வாழ்க்கைப் பாதையைக் கல்லின் ஊர்களாலேயே சொல்லும் எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது. மணற்கல் கடற்காற்றில் உப்பு குடிக்கும் என்பதால் தரையோடு சேரும் அடிப்பகுதியைப் போகும்போதெல்லாம் கவனித்து வர வேண்டும். உப்பு முதலில் வேலை காட்டும் இடம் அதுதான்.

துணி ஓவியங்களைக் கடற்கரையில் வைத்துக் காப்பது தனிப் பாடம். வீட்டில், பள்ளியில் ஓவியம் மாட்டுகிறவர்களுக்கும் பயன்படும். ஈரம் கூடினால் துணி தொய்யும், உலர்ந்தால் இழுபடும், மாறி மாறி நடந்தால் வண்ணப்பூச்சு விரிசல் விடும். ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் துணியின் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். படத்தைச் சுவரோடு ஒட்டி மாட்டாமல் நான்கு மூலையிலும் கார்க் அல்லது மரக்கட்டை வைத்து ஒரு அங்குலம் தள்ளி மாட்டினால் காற்று ஓடும். சாதாரண இரும்பு ஆணி ஓராண்டுக்குள் துருப்பிடித்துத் துணியையும் அரிக்கும், துருப்பிடிக்காத எஃகு ஆணிதான் வேண்டும். வெளிச்சம் எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை போகலாம், காகிதத்தில் வரைந்த நீர்வண்ணத்துக்கு 50 லக்ஸ்தான் எல்லை. குளிர்சாதனத்தைப் பகலில் ஓடவிட்டு இரவில் அணைப்பது எதுவும் செய்யாமல் விடுவதைவிட மோசம். குளிர்ந்த பரப்பில் இரவின் ஈரம் பனித்துவிடும். முடிந்தால் நாள் முழுக்க ஒரே அளவு, முடியாவிட்டால் குளிர்சாதனம் இல்லாமல் நல்ல காற்றோட்டம். வெண்கலச் சிலையில் வெளிர்பச்சைப் பொடி புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அழகான பாசி நிறம் இல்லை, உப்பிலுள்ள குளோரைடு உலோகத்தை உண்பது. உடனே உலர்த்தி, வல்லுநரை அழைக்க வேண்டும்.

2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் ராமநாதபுரத்துக்கு 21 கோடி ரூபாயில் 'நாவாய்' அருங்காட்சியகம் அறிவித்திருக்கிறார்கள். கப்பலும் கடல் வணிகமும்தான் அதன் பொருள். அதில் ஒரே ஒரு கூடத்தையாவது இந்தக் கரையின் இன்றைய ஓவியர்களுக்கு ஒதுக்கக் கேட்க வேண்டும். மாவட்டத்தின் ஓவிய ஆசிரியர்களிடம் சுருட்டி வைத்த துணிகள் எத்தனையோ பரணில் கிடக்கின்றன. சுருட்டும்போது வண்ணப் பக்கம் வெளியே இருக்க வேண்டும், உள்ளே வைத்துச் சுருட்டினால் விரிக்கும்போது பூச்சு நொறுங்கும். அவர்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

ஐந்தாம் நாள்: பிராகாரம், தனுஷ்கோடி

ராமேஸ்வரம் கோயில் மூன்றாம் பிராகாரத்தைத் தூரக்காட்சிப் பாடமாகப் பார்க்கலாம். 1212 தூண்கள். ஒரு மூலையில் நின்றால் மேடை விளிம்பும் கூரை விளிம்பும் ஒரே புள்ளியை நோக்கி ஓடுவது அளவுகோல் வைத்தது போலத் தெரியும். உட்கார்ந்து பார்த்தால் அந்தப் புள்ளி கீழே இறங்கும், எழுந்து நின்றால் ஏறும். கண்மட்டம் என்றால் என்ன என்று கரும்பலகையில் ஒரு வாரம் சொல்வதை இங்கே இரண்டு நிமிடத்தில் காட்டிவிடலாம். கைப்பேசிக்கு அனுமதியில்லை என்பது ஓவியம் பழகுபவர்களுக்கு நல்லதாகவே அமைகிறது. தீர்த்தமாடி வருகிறவர்களால் தரை எப்போதும் ஈரம், வழுக்கும், நோட்டைத் தரையில் வைக்க வேண்டாம். நடை மதியம் ஒரு மணிக்குச் சாத்தி மூன்று மணிக்குத் திறக்கும். கூட்டம் குறைவான நேரம் திறந்த உடனே வரும் மாலை வேளை, ஆனால் அன்றே தனுஷ்கோடிக்கும் போகிறவர்கள் காலையிலேயே பார்த்துவிட வேண்டும். கூரையின் தாமரை வட்டங்கள் பிற்காலத்து வண்ணம், பளிச்சென்று இருக்கும். முதல் இரண்டு நாளும் பார்த்த மங்கிய காவிக்கும் இந்தப் பளபளப்புக்கும் உள்ள தூரத்தைக் கண் உடனே உணரும்.

அங்கிருந்து தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22, 23 தேதிகளில் அடித்த புயலில் அழிந்த ஊர். தேவாலயத்தின் எஞ்சிய சுவர்களில் பவளப்பாறைக் கற்கள் பக்கத்தில் போனால் தெளிவாகத் தெரியும், மூளை மடிப்பு மாதிரியும் நட்சத்திரக் கூட்டம் மாதிரியும் உயிரியின் கட்டமைப்பு அப்படியே இருக்கிறது. நோட்டில் ஒரு கல்லை மட்டும் வரையுங்கள், ஒரு மணி நேரம் பிடிக்கும். காகிதத்தை வைத்துத் தேய்த்துப் பிரதி எடுக்காதீர்கள், கல் பொடிந்து வருகிறது. உடைந்து கிடக்கும் துண்டையும் எடுத்து வரக் கூடாது. கடினப் பவளங்கள் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, கடைகளில் விற்றாலும் வாங்குவது குற்றம்.

தனுஷ்கோடிக்கு அப்பால் நிலம் முடியும் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது, அரசுப் பேருந்தும் போகிறது. நிழலுக்கு மரம் கிடையாது. காற்றில் மணல் பறந்து பைனாகுலரின் திருகில் புகுந்துவிடும், அதைப் பையிலேயே வைத்திருங்கள். குடிதண்ணீரை ராமேஸ்வரத்திலேயே நிரப்பிக்கொண்டு கிளம்பவும். பொழுது சாய்ந்தால் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தேவாலயச் சுவரைப் பார்ப்பவர்கள் மூன்று மணிக்குள் அங்கே இருந்தால்தான் சாய்ந்த வெயிலில் கல்லின் மேடுபள்ளம் தெரியும்.